குசினி மேடைக்கு எந்தக் கல்?

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்களில் சில சோனகத் தெருவுக்குத் திரும்பி வீடு கட்டியுள்ளன. குசினி மேடைக்குக் குவார்ட்ஸ் பலகை கேட்போருக்கு ஒரு சொல்.

அழகுதான், கறையும் எளிதில் ஊறாது. ஆனால் அது மலையில் வெட்டிய கல்லன்று. நூற்றுக்கு 90 பங்களவு படிகக்கல் தூளைப் பிசினில் இறுக்கியது. கொதிக்கும் சட்டியை நேரே வைத்தால் தழும்பு விழும்.

பொருத்திய பின் வீட்டாருக்குக் கேடில்லை, கேடு வெட்டுபவருக்கே. உலர அறுக்கையில் எழும் சிலிக்காத் தூசு நுரையீரலை இறுக்கிவிடும், குணமாக்க மருந்தில்லை. அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இப்பலகையைத் தடைசெய்தது இதனால்தான். தொடர்மாடி ஒன்றுக்கு நாற்பது மேடை அறுக்கும் வாலிபனை எண்ணிப் பாருங்கள். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கக் கற்ற நாம் அவன் மூச்சையும் பார்க்க வேண்டாமா?

கருங்கல்லிலும் சிலிக்கா உண்டு, ஆனால் குறைவு. எதை வாங்கினாலும் முற்றத்தில் உலர அறுக்க விடாதீர்கள். அளவு கொடுத்து, பட்டறையிலேயே தண்ணீர் பாய்ச்சி அறுத்து வரச் சொல்லுங்கள்.