மணலும் வண்ணமும்

நண்பர்களே, மலை, வீடு, சூரியன் எதுவுமே இல்லாம படம் வரையலாம்! அதுதான் அரூப ஓவியம். கிறுக்கல்னு சிரிக்காதீங்க. அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் 1947-இல் வரைந்த ஒரு படத்தில் ஆணி, பொத்தான், சாவி, தீக்குச்சிகூட பெயிண்டோடு ஒட்டியிருக்கும்.

நாமும் செய்யலாம். கெட்டி அட்டையில் ஃபெவிகால் தடவி, சலித்த மணலைத் தூவுங்க. ஈரத்திலேயே பழைய சீப்பால் இழுத்தால் வரிவரியாக மேடு பள்ளம் வரும். ஒருநாள் முழுக்கக் காயணும். அவசரப்பட்டா மணல் பிரஷ்ஷோட வந்துடும்!

பிறகு கருநீலத்தைத் தண்ணியாகக் கரைத்துப் பூசுங்க, பள்ளத்தில் தேங்கும். அது நல்லாக் காய்ந்ததும், ஈரமில்லாத பிரஷ்ஷில் துளி மஞ்சள் தொட்டு லேசாகத் தேய்த்தால் மேட்டில் மட்டும் பிடிக்கும். ஈரத்தில் தேய்த்தால் எல்லாம் பச்சையாகிடும். அதுவும் அழகுதான், ஒரு மூலையில் செய்து பாருங்க.

கடைசியில் அட்டையை நாலு பக்கமும் திருப்பிப் பாருங்க. எப்படி வைத்தால் பிடிக்குதோ, அதுதான் நேர்!