ஸ்ரான்லி கோஹெனும் 'ஒழுக்கப் பீதி'யும்

மாணவர்களே, ஒருவர் ஏன் குற்றம் செய்தார் என ஆராய்வது ஒன்று. அதைக் கேள்வியுற்ற சமூகம் என்ன செய்தது என ஆராய்வது வேறொன்று. இரண்டாவது வினாவை முன்னிறுத்தியோருள் ஸ்ரான்லி கோஹென் (1942–2013) முக்கியமானவர். தென்னாபிரிக்காவிற் பிறந்த இச்சமூகவியலாளர் 1972இல் வெளியிட்ட நூலினாலேயே 'ஒழுக்கப் பீதி' என்னும் எண்ணக்கரு பிரபல்யமடைந்தது.

அவர் எடுத்துக்கொண்ட சம்பவம் சிறியது. 1964இல் உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்கு இங்கிலாந்தின் கிளக்ரன் என்னும் கடற்கரை நகரில் இளைஞர் கூடினர். கடுங்குளிர், மழை, பொழுதுபோக்க வழியில்லை. சில கடைகளில் அவர்களுக்கு விற்க மறுக்கிறார்களாம் என்ற கதையும் பரவியது. கைகலப்பு மூண்டது, கண்ணாடிகள் உடைந்தன, 97 பேர் கைதாகினர். மறுநாட் பத்திரிகைகளோ நகரமே படையெடுப்புக்கு உள்ளானதுபோல் எழுதின.

ஸ்கூட்டரில் நாகரிகமாக உடுத்துத் திரிந்தோர் 'மோட்ஸ்' எனப்பட்டனர். தோற்சட்டையுடன் மோட்டார் சைக்கிளில் வந்தோர் 'றொக்கர்ஸ்'. உண்மையில் ஆரம்பத் தகராறு பெரும்பாலும் இலண்டனிலிருந்து வந்தோருக்கும் உள்ளூர் இளைஞருக்கும் இடையிலானது. பத்திரிகைகள் எழுத எழுதத்தான் இவ்விரு அணிகளும் இறுகின. காலப்போக்கில் ஸ்கூட்டரும் சட்டையுமே குற்றத்தின் அடையாளங்களாயின. இதுவே 'குறியீடாக்கல்'. இவ்வாறு தீங்கின் உருவமாகக் காட்டப்பட்டோரைக் கோஹென் 'சமூகப் பேய்கள்' என்றார்.

அடுத்த விடுமுறையிலும் கலவரம் வரும் என முன்கூட்டியே எழுதப்பட்டது. பொலிசார் குவிக்கப்பட்டனர், வேடிக்கை பார்க்கவும் கூட்டம் சேர்ந்தது, சிறு தள்ளுமுள்ளும் கைதில் முடிந்தது. கைதானோர் தொகை, பத்திரிகை சொன்னது சரியே என்பதற்குச் சான்றாகியது! வன்முறை நடக்காத நாளிலும் தலைப்பில் 'வன்முறை' என்ற சொல் இடம்பெற்றதைக் கோஹென் எடுத்துக்காட்டுகிறார். எதிர்வினையே பிறழ்நடத்தையை வளர்ப்பதை விளக்கும் இப்பகுதிதான் நூலின் உயிர் என்பேன்.

விடை எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'ஒழுக்கப் பீதி என்றால் நடக்காததை நடந்ததாகச் சொல்வது' என்று பலர் எழுதுகின்றனர். அது தவறு. கிளக்ரனில் கண்ணாடிகள் உடைந்தது உண்மை. நடந்ததன் அளவுக்கும் எழுந்த எதிர்வினைக்கும் இடையிலான பொருத்தமின்மையே இங்கு முக்கியம். ஹவார்ட் பெக்கர் 1963இல் விளக்கிய 'முத்திரை குத்தல்' கோட்பாட்டின் தொடர்ச்சியாக இதனைக் காட்டினால் விடை வலுப்பெறும்.

கோஹென் பின்னாளில் இதே வினாவை மறுபக்கமிருந்தும் கேட்டார். சித்திரவதையும் படுகொலையும் நடப்பதை அறிந்த மக்கள் ஏன் அறியாதவர்போல் இருந்துவிடுகின்றனர்? பீதியடைய வேண்டிய இடத்தில் ஏன் மௌனம்? 2001இல் வெளிவந்த அவரது நூல் இந்த 'மறுப்பு' நிலைகளைப் பற்றியதே.