கர்த்தர் முன்னறிந்தார், தாவீது கிளம்பினான்

எங்கள் சபையில் துக்க வீட்டுக்குப் போனால் ஒரு பேச்சு கட்டாயம் காதில் விழும்: "எல்லாம் தேவன் முன்குறித்தபடிதான் நடக்கும்." ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் மனசு அதைக் கேட்டு இன்னும் நோகும். எல்லாம் அப்போதே முடிவானது என்றால், விடியவிடிய அவள் ஜெபித்தது எதற்கு? ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கும் என்னிடம் பிள்ளைகளும் இதையே கேட்பார்கள். நான் 1 சாமுவேல் 23ஆம் அதிகாரத்தைத் திறக்கச் சொல்வேன்.

கேகிலா ஊரின் களங்களைப் பெலிஸ்தர் கொள்ளையடிக்கிறார்கள். தாவீது போய் ஊரை மீட்கிறான். அவன் அங்கே இருக்கும் செய்தி, அவனைக் கொல்லத் தேடும் ராஜா சவுலுக்கு எட்டிவிடுகிறது. கதவும் தாழ்ப்பாளும் போட்ட ஊர். வளைத்துக்கொண்டால் தப்ப வழியில்லை. ஆசாரியன் அபியத்தாரிடம் ஆசாரிய உடையான ஏபோத்தைக் கொண்டுவரச் சொல்லி, தாவீது கர்த்தரிடம் விசாரிக்கிறான்: சவுல் இங்கே வருவானா, இந்த ஊரார் தன்னைப் பிடித்துக் கொடுத்துவிடுவார்களா என்று. இரண்டுக்கும் ஆம் என்றே பதில் வருகிறது. உடனே தன்னோடிருந்த ஏறக்குறைய 600 பேரைக் கூட்டிக்கொண்டு வெளியேறுகிறான். அதைக் கேள்விப்பட்ட சவுல் புறப்படாமல் நின்றுவிடுகிறான். ஊராரும் யாரையும் பிடித்துக் கொடுக்கவில்லை.

அப்படியானால் கர்த்தர் சொன்னது தவறா? அங்கேயே தங்கியிருந்தால் என்ன ஆகும் என்பதை அவர் சொன்னார். அறிந்ததை அறிவித்துத் தப்பிக்க இடம் கொடுத்தார். தலைவிதி என்று நாம் சொல்வதற்கும் தேவனுடைய முன்னறிவுக்கும் உள்ள வேறுபாடு இந்த ஊரில் தெரிகிறது.

ஸ்பெயின் நாட்டு இயேசு சபைக் குரு லூயிஸ் தெ மோலினாவும் இந்தப் பகுதியை எடுத்துக்காட்டினார். எந்தச் சூழலில் எந்த மனிதன் தானாக எதைத் தேர்ந்தெடுப்பான் என்பதும் கடவுளுக்குத் தெரியும் என்று 1588இல் வெளியான நூலில் வாதிட்டார். தொமினிக்கன் துறவி பாஞ்யெஸ் கடுமையாக எதிர்த்தார். கடவுளின் அதிகாரம் மனிதனின் சம்மதத்துக்குக் காத்திருப்பதுபோல் ஆகிவிடுகிறதே என்பது அவர் தரப்பின் கவலை. ரோமாபுரியில் வருஷக்கணக்கில் விசாரணை நடந்தது. 1607இல் போப் ஐந்தாம் பவுல் தீர்ப்புச் சொல்லாமலே அதை முடித்து, ஒருவர் மற்றவரைப் பழிக்கக் கூடாது என்றார். சீர்திருத்த சபைகளில் அந்தப் பொறுமை இல்லை. 1618–19இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய மாமன்றம் தேவகிருபையை மனிதன் மறுக்கவும் முடியும் என்று போதித்த, ஆர்மினியுஸ் வழி வந்தவர்களைக் கண்டித்தது. போதகர்கள் பலர் பதவி இழந்தார்கள்.

இவர்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, மரண தண்டனையை எதிர்நோக்கி இத்தாலியில் சிறையிருந்த ரோம அதிகாரி போயத்தியுஸ், கடவுளின் முன்னறிவும் மனிதனின் தேர்வும் எப்படி ஒத்துப்போகும் என்று யோசித்திருந்தார். கடவுளுக்கு நேற்று, நாளை கிடையாது. எல்லாக் காலமும் ஒருசேர அவர் கண்முன் இருக்கிறது என்றார். தெருவில் ஒருவன் நடந்து போவதை நாம் பார்க்கிறோம். நாம் பார்ப்பதால் அவன் நடக்கவில்லை.

இத்தனை வாதங்களையும்விட பேதுருவின் கதைதான் எனக்குத் தெம்பு தருகிறது. சேவல் கூவுமுன் மூன்று முறை மறுதலிப்பாய் என்று இயேசு சொல்லிவிடுகிறார். லூக்கா 22ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: அந்த எச்சரிப்புக்கு முன்பே, அவனுடைய விசுவாசம் ஒழிந்துபோகாதபடி வேண்டிக்கொண்டதாகச் சொல்கிறார், திரும்பி வந்தபின் சகோதரரைத் திடப்படுத்தும் வேலையையும் கொடுத்துவிடுகிறார். பிரதான ஆசாரியனின் முற்றத்தில், கரிநெருப்பருகே குளிர்காய்ந்தபடி பேதுரு மறுதலித்தான். அவன் வாயை யாரும் கட்டாயப்படுத்தித் திறக்கவில்லை, பயம்தான் பேசவைத்தது. உயிர்த்தெழுந்தபின் கரையில் இயேசு மூட்டி வைத்ததும் கரிநெருப்புதான் என்கிறார் யோவான். அங்கே மூன்று முறை, தன்னை நேசிக்கிறாயா என்று அவனைக் கேட்டார்.

முன்குறித்தலோடு பேச்சை நிறுத்துகிறவர்கள், பேதுருவுக்காக இயேசு செய்த அந்த ஜெபத்தை விட்டுவிடுகிறார்கள். தேவனுடைய அதிகாரம் இரும்புக் கையல்ல என்பதற்கு அதுவே சாட்சி. பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: நாம் விழப்போவதை அறிந்தும் நமக்காக வேண்டிக்கொள்கிறவர் அவர். ஆகவே தயங்காமல் ஜெபியுங்கள். ஆபத்து வருவது தெரிந்தால் தாவீதைப்போல எழுந்து நடங்கள்.