கையை விடுவிக்கும் கருவியும் கையில் இருக்க வேண்டிய ரசீதும்

திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே உள்ள சொற்ப தூரத்தைக் கடப்பதற்குள், நூல் விலையைப் பற்றியோ பேண்டேஜ் துணி லோடு கிளம்பிவிட்டதா என்பதைப் பற்றியோ யாருக்காவது பதில் சொல்லியாக வேண்டிய நிர்ப்பந்தத்தில் இருப்பவர்கள் இவ்விரு ஊர்களிலும் அநேகர். அவர்களுள் சிலர், வெளியூரில் ஒருவர் அனுபவித்துக் கழித்த பழைய மெர்ஸிடிஸ், பி.எம்.டபிள்யூ. போன்ற சொகுசுக் கார்களைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்து, முன்னிருக்கைகளின் நடுவேயுள்ள கைதாங்கியைத் திறந்து பார்க்கையில், தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட ஒரு தொலைபேசியோ, நோக்கியா 6310 போன்ற பழைய கைபேசியைச் செருகுவதற்கென்றே செய்த ஒரு ஹோல்டரோ உள்ளே அமைதியாக வீற்றிருக்கக் காண்கிறார்கள். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புளூடூத் ஹேண்ட்ஸ்ஃப்ரீ ஒன்றை மாட்டிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றுவது இயல்பே. ஆனால் பணமும் சட்டமும் உயிரும் சம்பந்தப்பட்ட இக்காரியம் அவ்வளவு லேசானதன்று.

காருக்குள் தொலைபேசி என்பது செல்போனுக்கு வெகுகாலம் முந்திய சங்கதி. 1946 ஜூன் 17-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் பெல் கம்பெனியார் அச்சேவையை ஆரம்பித்தபோது, கருவியின் எடை ஏறத்தாழ 36 கிலோ. நம் தேசத்திலோ, 1995 ஜூலை 31-இல் மேற்கு வங்க முதலமைச்சராயிருந்த ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசிய பிறகே செல்போன் யுகம் பிறந்தது. ஆகவே கார்த் தொலைபேசி இங்கே பெரும்பாலும் அந்தஸ்தின் அடையாளமாகவே வந்து சேர்ந்தது. ஏர்டெல், வி.ஐ., பி.எஸ்.என்.எல். ஆகியவற்றின் 2ஜி சேவை இன்னும் உயிரோடிருப்பதால் பழைய ஜி.எஸ்.எம். கருவி இன்றும் பேசக்கூடும். ஆரம்பம் முதலே 4ஜி-யில் இயங்கிய ஜியோவின் சிம் அதில் வேலை செய்யாது. இன்னும் சில கார்களில் புளூடூத் இருந்தும் பயனில்லை: அவை கைபேசியிடமிருந்து சிம்மின் அடையாளத்தையே இரவல் பெற்றுத் தாமே பேசும் பழைய முறையில் அமைந்தவையாதலால், அம்முறைக்கு இடமளிக்காத ஐபோன் போன்றவை அவற்றோடு சேருவதில்லை.

பழைய கருவிக்குள் முந்தைய உரிமையாளரின் சிம் இருக்குமாயின் அதை அவரிடமே சேர்ப்பித்துவிட வேண்டும். பிறர் பெயரிலுள்ள எண்ணில் பேசுவது எந்த வில்லங்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. விற்றவருக்கும் ஒரு வழி உண்டு. தம் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்து, வேண்டாதவற்றை ரத்து செய்யும்படி அங்கேயே தெரிவிக்கலாம்.

இனி ஒயரிங் விஷயம். இதில்தான் நஷ்டம் அதிகம். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கத்தில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையில், அத்தகைய கார் ஒன்றிலிருந்து தொலைபேசிப் பெட்டியைக் கழற்றிய மாத்திரத்தில், அதுவரை பாடிக்கொண்டிருந்த மியூசிக் சிஸ்டமும் சேர்ந்து ஊமையாகிப் போனதையும், "ரெண்டு பியூஸையும் மாத்திப் பாத்துட்டேன் அண்ணாச்சி, உயிரே இல்ல" என்று அந்த இளைஞர் கை பிசைந்து நின்றதையும் நான் பார்த்திருக்கிறேன். அவர் திறமையில் குறைவில்லை. அவ்வகைக் கார்களில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், தொலைபேசி ஆகிய யாவும் செம்புக் கம்பியால் இணைக்கப்படாமல், ஒளியைக் கடத்தும் மெல்லிய கண்ணாடி இழை போன்ற ஒரு கேபிளால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒளி வளையமாகச் சுற்றிவரும்படி கோக்கப்பட்டிருக்கின்றன. நடுவே ஒன்றை எடுத்துவிட்டால் வளையம் அறுந்து எல்லாமே நின்றுபோகும். கட்டைவிரல் நுனியளவேயுள்ள ஒரு லூப் கனெக்டரை அந்த இரு முனைகளுக்கும் பாலமாகச் செருகினால் போதும், பாட்டு திரும்ப வந்துவிடும். இதை அறியாமல் ஆம்ப்ளிஃபயரே போய்விட்டதென்று புதிது வாங்க ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சாதாரண மாருதி, ஹூண்டாய் கார்களில் இந்த வளையம் இல்லையென்றாலும், ஒயரை வெட்டி டேப் சுற்றும் பழக்கம் அங்கேயும் ஆபத்தானதே. கருவியின் நேர் மின்சார ஒயரைச் சாவி திருப்பினால் மட்டும் உயிர்பெறும் இணைப்பில் கொடுக்காமல் எப்போதும் மின்சாரம் ஓடும் ஒயரில் கொடுத்துவிட்டால், சில நாட்கள் நிறுத்திவைத்த காரில் பேட்டரி இறங்கிவிடும். பியூஸ் இல்லாமல் கொடுத்தாலோ தீப்பிடிக்கவே இடமுண்டு. ஏர்பேக் விரியும் இடத்தில் கருவியையோ மைக்கையோ ஒட்டுவது, விபத்து நேரத்தில் அதைத் தன் முகத்தின் மீதே எறிந்துகொள்வதற்குச் சமானம். கம்பெனி ஒயருக்குப் பொருந்தும் கப்ளர் கடைகளில் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்கி, எந்த ஒயரும் அறுபடாமல் மாட்டச் சொல்வதே உத்தமம். வாரண்டி காலம் முடியாத காரில் இது இன்னும் அவசியம். ஒயரிங்கையே தொட மனமில்லாதவர்கள் வெயில் மறைப்பில் செருகிக்கொள்ளும் ஸ்பீக்கர்ஃபோனோடு திருப்தியடையலாம். விற்பனைக்குரிய புளூடூத் ஸ்பீக்கர்களில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். அதை பிஐஎஸ் கேர் செயலியில் அங்கேயே நின்று சோதித்துக்கொள்ளலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, கையில் பிடித்துப் பேசும் கருவியை ஓட்டும்போது உபயோகிப்பதை அபாயகரமான ஓட்டுதலாகவே கருதுகிறது. முதற் குற்றத்துக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய்க்குக் குறையாமல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே; மூன்றாண்டுகளுக்குள் மறுபடியும் செய்தால் இரண்டாண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ உண்டு. இவை போக, ஓட்டுநர் உரிமத்தை அதிகாரி கைப்பற்றி, தற்காலிக ரத்துக்காக உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு அனுப்பவும் இடமுண்டு. அப்படிக் கைப்பற்றினால் அத்தாட்சிச் சீட்டு தர வேண்டியது அவர் கடமை, கேட்டுப் பெறுவது நம் உரிமை. 2020 அக்டோபர் முதல், வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாத வகையில், கைபேசியை உபயோகிக்கலாமென விதி இடங்கொடுக்கிறது. சட்டத்தின் வாசகம் கையில் பிடிப்பதைத்தான் குறிப்பிடுகிறது என்பதால், முறையாகப் பொருத்திய ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசியதற்காக இப்பிரிவின் கீழ் சலான் வந்தால் அதை மறுத்து நீதிமன்றத்தில் வாதாடலாம். கேமரா பதிவால் வரும் சலானாயின் சம்பவம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டுமென்பதும் விதி. ஆர்.சி. புத்தகத்தில் கண்ட விவரம் எதையும் ஹேண்ட்ஸ்ஃப்ரீ மாற்றுவதில்லையாதலால், வாகனத்தை உருமாற்றியதாகக் கூறும் 52-ஆம் பிரிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் சட்டம் அனுமதித்துவிட்டதாலேயே அபாயம் விலகிப் போய்விடாது. 1997-இல் ரெடல்மேயர், டிப்ஷிரானி என்ற இருவர் கனடாவின் டொரன்டோவில், மோதலுக்குள்ளான 699 ஓட்டுநர்களின் தொலைபேசிக் கணக்குகளை ஆராய்ந்து, பேசும்போது மோதும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிறதென்றும், கையில் பிடிக்காத கருவிகளால் அந்த அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லையென்றும் கண்டார்கள். பேச்சில் ஆழ்ந்த மனம், விழித்த கண்ணெதிரே இருப்பதையும் காணத் தவறுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டே விநாடியில் கார் 33 மீட்டர் கடந்துவிடும். குறுக்கே ஒரு மாடோ டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வரும் ஒரு பெரியவரோ நுழைய அந்த தூரம் தாராளமாகப் போதும். பில் தொகை பேரம் பேசுவதும் குடும்பச் சண்டை தீர்ப்பதும் வண்டியை ஓரங்கட்டிய பிறகு செய்ய வேண்டிய காரியங்கள்.

கடைசியாக ரசீது. "பில்லுன்னா ஜி.எஸ்.டி. சேருமே அண்ணாச்சி" என்ற ஒரு வாக்கியத்தில் நம் உரிமைகள் பாதி கரைந்துபோகின்றன. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்கோ செய்த வேலைக்கோ ரசீது தராமலிருப்பதே நியாயமற்ற வணிக நடவடிக்கை. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற ரசீதில் கெடு எதுவும் குறிக்கப்படாதிருந்தால், 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்க நமக்கு வாய்ப்புண்டு. காரோடு வராத எலக்ட்ரானிக் சாதனத்தைக் காப்பீட்டில் சேர்க்க வேண்டுமாயின், அதன் மதிப்பைச் சொல்லித் தனியே பிரீமியம் கட்டுவது வழக்கம். மோட்டார் டாரிஃபில் இதற்கு வகுத்த விகிதம் மதிப்பில் நூற்றுக்கு நான்கு. சொல்லாமல் விட்டால் இழப்பீடு கேட்கும்போது மறுப்பதற்கு நாமே வழி திறந்துவிட்டவர்களாவோம்.

தவறு நேர்ந்துவிட்டால், முதலில் கடைக்காரருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-ஐ அழைக்கலாம். அங்கும் தீராவிட்டால், விருதுநகர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருப்பது நம் அதிர்ஷ்டம். பொருளைச் சென்னையிலிருந்தோ இணையத்திலோ வாங்கியிருந்தாலும், நாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கச் சட்டம் இடமளிக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு மேற்படாதவரை கட்டணமில்லை. வக்கீல் வைப்பது கட்டாயமில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ரசீது, வாரண்டி அட்டை, கடைக்காரருக்கு அனுப்பிய வாட்ஸாப் செய்திகள் ஆகியவற்றோடு, கருவியைக் கழற்றும் முன்னும் மாட்டிய பின்னும் டேஷ்போர்டுக்குள் ஒயர்கள் இருந்த நிலையை எடுத்த புகைப்படங்களையும் இணைத்துக் கொடுப்பது நல்லது. வெட்டியது யாரென்ற தகராறில் கடைக்காரர் வாயை அடைப்பது பெரும்பாலும் அவைதாம்.