சிக்னல் இல்லாத சாலையில் வழி காட்டுமா உங்கள் செயலி?

விடுமுறைக்குக் காரிலேயே கிளந்தான் வரை போகலாம் என்று திட்டமா? பேராக்கின் கிரிக்கையும் கிளந்தானின் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை 100 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. பெரும்பகுதி காடு, மலை. யானைகள்கூடச் சாலையைக் கடக்கும். பல இடங்களில் கைத்தொலைபேசிக்கு சிக்னல் கிடைக்காது.

அப்போது வழியைத் தவறவிட்டால் என்ன செய்வது?

சிக்னல் போனால் ஜிபிஎஸ்ஸும் போய்விடுமா?

போகாது. ஜிபிஎஸ் துணைக்கோளத்திலிருந்து வருகிறது. அதற்கு இணையம் தேவையில்லை. இல்லாமல் போவது வரைபடம்தான். புறப்படும்போது போட்ட வழி திரையில் தொடரலாம். ஆனால் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் புதிய வழியைக் கணக்கிட முடியாமல் செயலி திணறும். வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கம் செய்வது அதற்காகத்தான்.

எந்தச் செயலி?

- கூகல் மேப்ஸ்: பழகிய செயலி. வேண்டிய பகுதியை மட்டும் பதிவிறக்கலாம். இணையம் இல்லாதபோது காருக்கு மட்டுமே வழி சொல்லும்; நடைப்பாதை, பொதுப் போக்குவரத்து விவரம் இருக்காது. பதிவிறக்கிய வரைபடம் காலாவதியாகும், புதுப்பிக்க வேண்டும்.

- ஆப்பிள் மேப்ஸ்: 2023இல் வெளியான ஐஓஎஸ் 17 முதல் இந்த வசதி உண்டு.

- ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மண்ட்: தொண்டூழியர்கள் உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தைப் பயன்படுத்துபவை. காட்டுப் பாதை, மலையேறும் தடம் தேடுவோருக்குக் கைகொடுக்கும். ஆர்கானிக் மேப்ஸ் இலவசம், விளம்பரமும் இல்லை. ஆஸ்மண்டில் வசதிகள் அதிகம், பழகக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

- வேஸ்: நெரிசலைச் சொல்வதில் கெட்டி. ஆனால் இணையத்தை நம்பியே இயங்குகிறது. காட்டுச் சாலைக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஒன்று போதுமா?

இரண்டு செயலிகள் இருப்பது நல்லது. ஒன்றில் இல்லாத சிறு சாலை மற்றொன்றில் இருக்கலாம்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்

வைஃபை வழியாகப் பதிவிறக்கம் செய்யுங்கள். பிறகு கைத்தொலைபேசியை விமானப் பயண முறைக்கு மாற்றி, கிரிக்கிலிருந்து ஜெலிக்கு வழி கேளுங்கள். வழி வந்தால் சரி. வரவில்லையா? இப்போதே தெரிந்தது நல்லதாகப் போச்சு.

காரில் மின்னூட்டும் கம்பி இருக்கட்டும். ஜிபிஎஸ்ஸும் திரையும் நீண்ட நேரம் இயங்கினால் மின்கலன் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

செயலிக்குத் தெரியாதது

பதிவிறக்கிய வரைபடம் சாலையைக் காட்டும். அந்தச் சாலை இன்று திறந்திருக்கிறதா என்று சொல்லாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மலேசியாவின் கிழக்குக் கரையோரம் வெள்ளத்தில் சிக்குவதுண்டு, மலைச்சாலைகளில் மண் சரிவதுமுண்டு. செயலியோ அதே வழியைத்தான் காட்டும்.

எனவே, சிக்னல் இருக்கும் கடைசி ஊரில் வண்டியை நிறுத்துங்கள். சாலை நிலவரத்தைப் பாருங்கள், எண்ணெய் நிரப்புங்கள், எந்த வழியாகப் போகிறீர்கள், எப்போது போய்ச் சேருவீர்கள் என்று வீட்டுக்கு ஒரு குறுந்தகவல் அனுப்புங்கள். நீங்கள் தாமதமானால், எங்கே தேடுவது என்று அவர்களுக்காவது தெரியும்.