டோக்கியோவில் வட்டி ஏறினால் இருங்காட்டுக்கோட்டைக்கு என்ன?

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் தயாரிக்கும் ஹூண்டாய், 2024 அக்டோபர் 22 அன்று இந்தியப் பங்குச் சந்தைக்கு வந்தது. வெளியீட்டின் மதிப்பு 27,870 கோடி ரூபாய். அதுவரை நாட்டில் இவ்வளவு பெரிய பங்கு வெளியீடு நடந்ததில்லை. சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிதி உட்பட வெளிநாட்டுப் பெரும்புள்ளிகள் முன்கூட்டியே பணம் போட்டிருந்தார்கள். ஆனாலும் 1,960 ரூபாய்க்கு விற்கப்பட்ட பங்கு, முதல் நாள் முடிவில் 1,820 ரூபாயை ஒட்டி நின்றது.

விலை கூடுதல் என்ற முணுமுணுப்பு முன்பே இருந்தது. திரண்ட பணம் முழுவதும் கொரியத் தாய் நிறுவனத்துக்கே போனதும் பலருக்கு உறுத்தியது. இவற்றோடு மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது. செப்டம்பர் இறுதியில் சீன அரசு பொருளாதார ஊக்கத் திட்டங்களை அறிவித்ததும், பல வெளிநாட்டு நிதிகள் இந்தியாவில் விற்றுவிட்டு அந்தப் பக்கம் திரும்பின. அக்டோபர் மாதத்தில் மட்டும் இந்தியப் பங்குகளிலிருந்து அவை எடுத்த தொகை சுமார் 94,000 கோடி ரூபாய்.

அந்நிய நிறுவன முதலீட்டாளர்களுக்கு இந்தியச் சந்தை கதவைத் திறந்தது 1992-ல். அதனால் கிடைத்த லாபம் சிறிதல்ல. தொழில் தொடங்க மூலதனம் எளிதாகக் கிடைத்தது. நிறுவனங்கள் கணக்கைத் தெளிவாகக் காட்ட வேண்டிய கட்டாயம் வந்தது. ஒரு நாட்டின் ஆபத்தைப் பல நாட்டு முதலீட்டாளர்கள் பங்கிட்டுச் சுமந்தார்கள். சாதாரண நாட்களில் இந்த ஏற்பாடு நன்றாகவே ஓடுகிறது. நெருக்கடி வரும்போதுதான் சிக்கல்.

2024 ஜூலை 31 அன்று ஜப்பானின் மத்திய வங்கி வட்டியை 0.25 சதவீதமாக உயர்த்தியது. நமக்கு இது வட்டியே இல்லை என்று தோன்றும். ஆனால் யென்னில் மலிவாகக் கடன் வாங்கி உலகெங்கும் பங்கு வாங்கியவர்கள் ஏராளம். யென் மதிப்பு ஏறியதும் அவர்களின் கடன் சுமையும் ஏறியது. அடைப்பதற்காகக் கையில் இருந்ததை விற்றார்கள். அமெரிக்க வேலைவாய்ப்புப் புள்ளிவிவரமும் அதே வாரம் ஏமாற்றியது. ஆகஸ்ட் 5 அன்று ஜப்பானின் நிக்கேய் 12 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது; சென்செக்ஸ் 2,200 புள்ளிகளுக்கு மேல் இழந்தது.

கடனை அடைக்க விற்பவர் நல்ல பங்கு, கெட்ட பங்கு என்று தரம் பார்ப்பதில்லை. எது உடனே விலைபோகுமோ அதை விற்கிறார். அதனால்தான் பணத்தைப் பல நாடுகளில் பிரித்துப் போட்டவருக்கும், பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் நாளில் அது குறைந்துவிடுகிறது. கொரோனா பீதியில் 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 13 சதவீதம் வீழ்ந்தபோது, 10 சதவீதச் சரிவிலேயே சர்க்யூட் பிரேக்கர் விழுந்து வர்த்தகம் 45 நிமிடம் நின்றது. மீண்டும் தொடங்கியதும் சரிவும் தொடர்ந்தது.

2025 ஏப்ரலில் டிரம்பின் இறக்குமதி வரி அறிவிப்பு வந்தபோதும் இதே கதை. ஹூண்டாய் இந்தியாவின் ஏற்றுமதி முக்கியமாக ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா, லத்தீன் அமெரிக்கா பக்கம் போகிறது. அமெரிக்கா அதற்குப் பெரிய சந்தையே அல்ல. ஆனாலும் பங்கு 1,600 ரூபாய்க்குக் கீழே போய் வந்தது. சில மாதங்களில் 2,000 ரூபாயைத் தாண்டியது.

இப்போது ஒரு தடுப்புச் சுவர் எழுந்திருக்கிறது. மாதாமாதம் எஸ்ஐபி வழியாக மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு வரும் உள்நாட்டுப் பணம் 2024 அக்டோபரில் 25,000 கோடி ரூபாயைக் கடந்தது. வெளிநாட்டார் விற்றதை அந்த மாதம் பெருமளவு வாங்கியவை உள்நாட்டு நிறுவனங்களே. அவை இல்லாவிட்டால் சரிவு இன்னும் ஆழமாக இருந்திருக்கும்.

இருங்காட்டுக்கோட்டைக்கு அருகிலுள்ள மண்ணூர், ஒரகடம் வட்டாரத்துக்கு இதில் தனியாக ஒரு கணக்கு உண்டு. ஹூண்டாய் வெளியீட்டில் ஊழியர்களுக்குப் பங்கு ஒன்றுக்கு 186 ரூபாய் தள்ளுபடி கிடைத்தது. முதல் நாள் சரிவிலும் அவர்களுக்கு நட்டமில்லை. ஆனால் சம்பளமும் கார் தொழிலில், சேமிப்பும் கார் பங்கில் என்றால், வாகன விற்பனை படுக்கும் ஆண்டில் ஓவர்டைம் குறையும், பங்கு விலையும் இறங்கும். அந்தச் சேமிப்பில் ஒரு பகுதியை வேறு துறைகளுக்கோ வங்கி வைப்புக்கோ மாற்றிவைத்தால், இரண்டும் ஒரே சமயத்தில் அடிபடும் வாய்ப்பு குறையும்.