புகையின் கணக்கை எழுதுவோர் யார்?

ரங்கூன் என்று நம் முன்னோர் வழங்கிய யாங்கோன் மாநகரின் தாமுவே பகுதியில், மின்சாரம் நின்றதும் கடைவாசல்களில் டீசல் மின்பிறப்பாக்கிகள் இரையத் தொடங்குகின்றன. மின்வெட்டு அன்றாட வாழ்வாகிவிட்ட அந்நகரில், இச்சிறு இயந்திரங்களின் புகை எந்த ஆலையின் அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. பெரிய புகைபோக்கிகளின் கணக்காவது மக்களுக்குக் கிட்டுகிறதா என்பதே நம் கேள்வி.

மியன்மாரில் இதற்கான விதி இல்லாமல் இல்லை. 2015 டிசம்பரில் வெளியான சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு நடைமுறை, அதன்கீழ் அனுமதி பெறும் திட்டங்கள் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையேனும் கண்காணிப்பு அறிக்கை அளிக்க வேண்டும் என்கிறது. அறிக்கை முடிந்த பத்து நாட்களுக்குள் அதனை நூலகம், சமூக மண்டபம் போன்ற இடங்களில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவும் பணிக்கிறது. ஆனால் 2021 பிப்ரவரி 1 அன்று இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. மறுமாதமே ஐந்து சுதந்திர ஊடகங்களின் உரிமம் பறிக்கப்பட்டது. அறிக்கை எங்கே என்று கேட்பவரே அச்சத்தில் வாழும் நாட்டில், ஏட்டிலுள்ள விதி எவரைக் காக்கும்?

இக்கதை யாங்கோனோடு முடிவதன்று. வங்கக் கடலைக் கடந்து சென்னைவரை நீள்கிறது. 1963, 1964 ஆம் ஆண்டுகளில் வங்கிகளும் கடைகளும் அரசுடைமையாக்கப்பட, பர்மாவிலிருந்து வெளியேறிய தமிழர் பலர் வடசென்னையில் குடியேறினர். எண்ணூரில் இன்றும் ‘பர்மா நகர்’ என்றொரு குடியிருப்பு உண்டு. 2023 டிசம்பர் 26 இரவு, உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, பர்மா நகரையும் அண்டைக் குப்பங்களையும் சேர்ந்த மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர். ஒருமுறை அகதியானோரின் வழித்தோன்றல்கள் தம் வீட்டுக் காற்றுக்கு அஞ்சி மறுமுறையும் ஓட நேர்ந்தது.

இந்தியாவில் அறிக்கை விதிகள் பல உள்ளன. பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி வாரியத்தின் விதிப்படி, சந்தையில் பட்டியலிடப்பட்டவற்றுள் முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் தம் சுற்றாடல், சமூகப் பொறுப்புகள் குறித்து ஆண்டுதோறும் அறிக்கை தரவேண்டும். 2023 ஜூலையில் அதன் சாரமான ஒன்பது தலைப்புகள் வரையறுக்கப்பட்டன. பசுங்குடில் வாயு வெளியேற்றம் அவற்றுள் ஒன்று. இத்தலைப்புகளின் கணக்கை வெளியார் சரிபார்க்கும் கடப்பாடு, பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக விரிவாக்கப்படுகிறது.

இவ்விதியைச் செயற்படுத்துவதில் அரசுக்குத் துணைநிற்பது தொழில்துறைத் தர மன்றம். அசோசெம், சி.ஐ.ஐ., ஃபிக்கி ஆகிய முதலாளிகளின் மூன்று சங்கங்களும் பங்குச் சந்தைகளின் அனுசரணையில் இதில் கூடுகின்றன. எதை எவ்வாறு அளப்பது என்று, செபியுடன் கலந்து இம்மன்றம் வகுத்த தரங்கள் 2024 டிசம்பர் 20 அன்று அறிவிக்கப்பட்டன. 2025 மார்ச்சில், முழுமையான உறுதிப்பாட்டுக்குப் பதிலாக வெளியார் ‘மதிப்பீடு’ பெற்றாலும் போதும் என விதி தளர்த்தப்பட்டது. அம்மதிப்பீட்டுக்கான தரங்களை வகுக்கும் பொறுப்பும் அதே மன்றத்திடமே ஒப்படைக்கப்பட்டது.

ஆலையை அறிந்தவரின் ஆலோசனை அரசுக்குத் தேவை என்பதை மறுப்பதற்கில்லை. எந்த உலையில் எவ்வளவு எரிபொருள் எரிகிறது, எதனை எக்கருவியால் அளக்கலாம் என்பதெல்லாம் அலுவலகத்தில் இருப்போர்க்கு எளிதில் விளங்கா. செயற்படுத்த முடியாத விதி எவருக்கும் பயன் தராது. ஆயினும் கணக்குக் கொடுப்போரும், கணக்கு முறையை வகுப்போரும், சரிபார்க்கும் அளவுகோலைச் செய்வோரும் ஒரே தரப்பினராயின், அக்கணக்கு எவருடைய தேவைக்கு ஏற்ப அமையும்?

விடை அறிக்கையிலேயே தெரிகிறது. அது முதலீட்டாளருக்காக எழுதப்படுவது. நிறுவனம் முழுமைக்குமான கூட்டுத்தொகையையே தருவது. கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகளும் தூசித்துகள்களும் நீண்ட அறிக்கையில் வந்தாலும், சரிபார்க்கப்படும் ஒன்பது தலைப்புகளுள் அவை இல்லை. அமோனியாவோ பசுங்குடில் வாயுவே அன்று. எனவே தன் தெருமுனையிலுள்ள ஆலை எதை வெளியேற்றுகிறது என்பதைப் பர்மா நகரிலுள்ள ஒரு தாய் இவ்வறிக்கையைப் படித்து அறிய முடியாது.

இது முடியாத காரியமன்று. 1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. ஈராண்டுகளில் அமெரிக்கா, அயலில் வாழ்வோரின் அறியும் உரிமைக்கெனச் சட்டம் இயற்றியது. அதன்படி ஒவ்வோர் ஆலையும் வெளியேற்றும் நச்சுப்பொருட்களின் அளவு தனித்தனியே பதிவாகிறது. எவரும் அதனைப் பார்க்கலாம். அமோனியாவும் அப்பட்டியலில் உண்டு. மடிந்தவர் நம் பக்கத்தவர். அந்த மரணங்களிலிருந்து பிறந்த உரிமையோ வேறொரு நாட்டவருக்குக் கிடைத்தது.

புலம்பெயர்ந்த நாடுகளில் நாம் பெரும்பாலும் வாடகை மலிந்த இடங்களையே நாடுகிறோம். நெடுஞ்சாலையும் தொழிற்பேட்டையும் அருகிலிருப்பது அங்கே வழமை. ஆலையின் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கும் உரிமை இருக்கும் நாட்டில் வாழ்வோர் அதைப் பயன்படுத்தத் தயங்கலாகாது. தாமுவேயிலும் எண்ணூரிலும் உள்ள நம்மவர்க்காகக் குரல் கொடுப்போர் கேட்க வேண்டியதும் ஒன்றே: விதி வகுக்கும் மேசையில் ஆலைக்காரருக்கு இடம் இருக்கட்டும், அந்தப் புகையைச் சுவாசிப்பவருக்கும் அதே மேசையில் ஓர் இடம் வேண்டும்.